சாட்சி சொல்லியாகிவிட்டது

1.

இந்தக் கதையை எழுதச் சொன்னவரே இதைப் படித்தால் என்னோடு பேச்சை நிறுத்திவிடுவார். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவர் பெயர் தேவானந்தம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசர், எங்கள் சபையின் மூப்பர்களில் ஒருவர். நான் பள்ளியில் தமிழ் நடத்துகிறவன், இரண்டு சிறுகதைத் தொகுப்பு போட்டவன். அந்தப் பாவத்துக்காக, சபையில் யாருக்கு எது எழுத வேண்டுமென்றாலும் என் வீட்டுக்குத்தான் வருவார்கள், கல்யாணப் பத்திரிகையிலிருந்து இரங்கல் செய்தி வரை.

"எம்பொண்ணு ஜெமிக்கு கர்த்தர் செஞ்சத நம்ம சபை ஆண்டு மலர்ல போடணும் பிரதர். அந்த மூளை மெஷின் பத்தியும் வரணும். சயின்ஸும் இருக்கணும், விசுவாசமும் இருக்கணும். கடைசில படிக்கறவங்க அழுதுடணும்," என்றார்.

கடைசியில் அழவைப்பது எனக்குக் கைவந்த வேலை. ஆரம்பம்தான் வரவில்லை.

2.

முதல் முயற்சி: "மனித மூளையில் எழும் மின் அலைகளை..." வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

இரண்டாவது: "அது ஒரு மழைக்கால மாலை. ஜெமி ஜன்னலோரம்..." மழையே பெய்யவில்லை. ஜெமி ஜன்னலோரம் உட்காருகிற பெண்ணும் இல்லை.

மூன்றாவது: "காலாண்டுத் தேர்வு. வேதியியல் வினாத்தாளைக் கையில் வாங்கியதும் பிளஸ் டூ மாணவி ஜெமிக்கு விரல்கள் சில்லிட்டன. மூச்சு பாதியில் நின்றது. நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டுவதுபோல..."

(இந்த உவமை பிடித்துப்போய் அவளிடமே படித்துக் காட்டினேன். "யாரும் கதவெல்லாம் தட்டல அங்கிள். செத்துருவேன்னு தோணுச்சு. அவ்ளோதான்," என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

அன்று வெள்ளைத்தாளை வைத்துவிட்டு வெளியே ஓடினாள். அதன்பிறகு காலையில் பள்ளிச் சீருடையைப் பார்த்தாலே வாந்தி. அப்பா ஜெபம் செய்தார், அம்மா கிரேஸி விசாரித்தார். கிரேஸி வேலூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். கூட வேலை செய்கிறவர்களிடம் கேட்டு, சத்துவாச்சாரியில் ரஃபத் ஜஹான் என்ற மனநல ஆலோசகரிடம் மகளைக் கூட்டிப்போனார்.

3.

ரஃபத் ஜஹானிடம் கட்டுரைக்கு விவரம் கேட்கப் போனேன். "பேஷண்ட் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன் சார். மெஷின் பத்தி கேளுங்க, சொல்றேன்," என்றார். சொல்வதைவிடக் காட்டுவது மேல் என்று என்னையே நாற்காலியில் உட்கார வைத்தார்.

தலையில் இரண்டு இடத்தில் பசை தடவி வயரை ஒட்டினார். காது மடலில் ஒரு கிளிப். எதிரே திரையில் ஏதாவது வீடியோ ஓடும். மனசு பதறினால் படம் மங்கும், அடங்கினால் தெளியும். எவ்வளவு நேரம் தெளிந்திருந்தது என்று முடிவில் ஒரு ஸ்கோரும் வரும். மூளை அந்தத் தெளிவை விரும்பி, அடங்கும் வழியைத் தானே மெல்லக் கற்றுக்கொள்ளும் என்பது கணக்கு. எனக்கு ஓடிய படத்தில் ஒரு ஆறு இருந்தது என்று நினைக்கிறேன். முழுக்க இருட்டு.

"நீங்க ஜெயிக்கப் பாக்குறீங்க சார். ஜெயிக்கப் பாத்தா மங்கிடும்," என்றார் ரஃபத்.

"எல்லாருக்கும் சரியாகுமா?"

"அப்படி நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. பேசறது, மூச்சுப் பயிற்சி, இது, எல்லாம் சேந்துதான். சிலருக்கு நல்லா வருது. அவசரப்படுத்தக் கூடாது, அதான் முக்கியம்."

ஆகவே ஜெமி அந்த நாற்காலியில் உட்காரும் காட்சி என் கற்பனை. ஒரே ஒரு விவரம் அவள் தந்தது. அவள் தேர்ந்தெடுத்தது அழுக்குக் கம்பளம் கழுவும் வீடியோ. யாரோ ஒருவர் வாய் திறக்காமல் கம்பளத்தின்மேல் தண்ணீர் பீய்ச்சித் தேய்க்கிறார். கறுப்பாக ஓடுகிறது, அடியில் பூ தெரிகிறது. பூ முழுதாகத் தெரிவதற்குள் திரை இருண்டுவிடும். "அந்தப் பூவ ஒருதடவ முழுசா பாக்கணும்னு இருந்துச்சு அங்கிள்." நான் எழுதியிருந்தால் கடல் அலையைப் போட்டிருப்பேன்.

4.

இந்த இடத்தில் எனக்கு ஒரு பாத்திரத்தின்மேல் சந்தேகம் வருகிறது. தேவானந்தத்தைக் கல்நெஞ்சக்காரராக எழுதிவிட்டால் என் வேலை சுலபம். ஆனால் சனிக்கிழமைதோறும் ஷிப்டு முடிந்த கையோடு, முகம்கூடக் கழுவாமல், மகளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு லாரிகளுக்கு நடுவே நெடுஞ்சாலையில் சத்துவாச்சாரி வரை போனவர் அவர்தான். உள்ளே அவள் இருக்கும்வரை வெளியே நின்று ஜெபித்தவரும் அவர்தான். உயிரையே வைத்திருக்கிறார் மகள்மேல். அதுதான் கஷ்டம்.

அவள் வெளியே வந்ததும் கேட்பார்: "இன்னிக்கு எவ்ளோ?"

"இன்னா எவ்ளோ?"

"ஸ்கோர்மா. போன வாரத்துக்கு ஜாஸ்தியா, கம்மியா?"

கம்பெனியில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ஜோடி என்று பலகையில் எழுதிப்போட்டு ஆட்களை விரட்டுகிறவர். மகள் அமைதியடைவதற்கும் டார்கெட் வைத்தார். ரஃபத் கூப்பிட்டுக் கண்டித்ததும் ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டு வந்தார். மறுவாரம் கண்ணாலேயே கேட்டார்.

இவ்வளவுக்கும் நடுவில் அவளுக்குத் தேறத்தான் செய்தது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். அரையாண்டுத் தேர்வுக்குப் போனாள். பாதியில் கை நடுங்கியது. அனுமதி கேட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, திரும்பி வந்து எழுதினாள். மதிப்பெண் சுமார்தான். திரும்பி வந்தாளே, எனக்கு அது போதும். கம்பளத்துப் பூவும் ஓரமாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. "இன்னும் கொஞ்ச மாசம்" என்று ரஃபத் சொல்லியிருந்தார்.

5.

வெளியாட்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் சபையில் சாட்சி சொல்வது என்று ஒன்று உண்டு. கர்த்தர் செய்த நன்மையை எல்லார் முன்பும் மைக்கில் சொல்வது. கிடைத்தபின் சொல்வது சாதாரண விசுவாசம். கிடைப்பதற்கு முன்பே, கிடைத்துவிட்டது என்று சொல்வது பெரிய விசுவாசம். விசா வருமுன்னே விசாவுக்குச் சாட்சி சொன்னவர்கள் உண்டு. வராமல் போன விசாவைப் பற்றி இதுவரை யாரும் மைக்கைப் பிடித்ததில்லை.

வருடத்தின் முதல் ஞாயிறு. தேவானந்தம் எழுந்தார். "என் மகளுக்கு இருந்த பய ஆவி முழுசா போய்ட்டுது. டாக்டருங்களே அசந்து போய்ட்டாங்க. பரிபூரண சுகம்!" என்றார். அதுவரை ஜெமிக்கு அப்படியொரு தொல்லை இருந்ததே சபையில் பாதிப்பேருக்குத் தெரியாது. அந்த நிமிடத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. பிறகு அவர் மைக்கை மகளிடம் நீட்டினார்.

(இங்கே அவள் மயங்கி விழுந்தாள் என்று ஒரு வரைவில் எழுதியிருந்தேன். வாசகர்களுக்குப் பிடிக்கும். ஆனால் நடந்தது அதைவிட மோசம்.)

ஜெமி தோளைத் தளர்த்தினாள். நாற்காலியில் பழகியதுபோல மூச்சை மெதுவாக விட்டாள். "நான் நல்லாருக்கேன். ஸ்தோத்திரம்," என்றாள். குரலில் நடுக்கமே இல்லை. சபை கைதட்டி ஆர்ப்பரித்தது. அத்தனை மாதம் பழகியதன் முழுப் பலனும் அந்தப் பொய்க்குச் செலவானது.

6.

அடுத்த சனிக்கிழமை கிளம்பித் தயாராக நின்றாள். தேவானந்தம் பைக் சாவியை எடுக்கவில்லை.

"எங்கம்மா கெளம்பிட்ட?"

"ரஃபத் மேடம்கிட்டப்பா."

"அதான் சுகமாய்டுச்சே. சாட்சி சொல்லிட்டு மறுபடி அங்க போய் நின்னா நாலு பேர் இன்னா நெனப்பாங்க? கர்த்தர பொய்யாக்கறதா?"

"எனக்கு இன்னும் வருதுப்பா."

"பாஸ் பண்ணி பொட்டில போட்ட ஷூவ யாராவது மறுபடி லைனுக்குக் கொண்டாருவாங்களா?"

கிரேஸி சமையலறையிலிருந்து வந்தார். "மாத்திரைய பாதில நிறுத்தாதீங்க, கோர்ஸ முடிங்கன்னு நாள் பூரா ஊருக்குச் சொல்றேன். என் வீட்ல சொல்ல முடியல," என்றார்.

"பேஜார் பண்ணாத கிரேஸி," என்று எழுந்து போனார் அவர். (இந்த உரையாடலில் என் சரக்கு எதுவும் இல்லை. ஜெமி சொன்னபடியே இருக்கிறது.)

தேவானந்தமே ரஃபத்துக்கு போன் போட்டு, "முடிஞ்சிடுச்சு மேடம், ரொம்ப தேங்க்ஸ்," என்று சொல்லி, ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா என்ற இனிப்பை வாங்கி அனுப்பினார். ரஃபத் என்ன நினைத்திருப்பார் என்று ஒரு பத்தி எழுதினேன். அவர் சொல்லாததை எழுத எனக்கு உரிமை இல்லை என்று எடுத்துவிட்டேன்.

இப்போது ஜெமிக்கு இரண்டு பயம். பழைய பயம் ஒன்று. அது வருவதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்பது மற்றொன்று. முன்பாவது வாந்தி எடுக்க முடிந்தது. சுகமான பிள்ளை வாந்தி எடுக்கக் கூடாது. கடைத்தெருவில் தாய்மார்கள் நிறுத்தி, "அது இன்னா மெஷினுமா, எம்பையனுக்கும் வைக்கலாமா?" என்று கேட்கிறார்கள். சிரித்துக்கொண்டு பதில் சொல்கிறாள்.

7.

பொதுத்தேர்வு வருகிறது. முடிவு எழுத வேண்டும்.

முடிவு ஒன்று: நன்றாக எழுதுகிறாள். தேவானந்தம் மைக்கைப் பிடிக்கிறார்.

முடிவு இரண்டு: தேர்வறையை விட்டு எழுந்து ஓடுகிறாள். "அப்பனுக்கு இருந்த விசுவாசம் பொண்ணுக்கு இல்ல" என்று சபை முணுமுணுக்கிறது. தேவானந்தத்தின் சாட்சிக்குக் கீறல்கூட விழவில்லை.

பார்த்தீர்களா, அவள் எழுதினாலும் ஓடினாலும் ஜெயிப்பது அவர்தான். எழுதுகிறவன் என்று பெயர் வைத்துக்கொண்டு இதற்கு வெளியே ஒரு வழி போட முடியவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தில் மூன்றாவதாக ஒன்றை எழுதினேன். அதில் அப்பாவின் பைக் இல்லை, வேலூர் போகும் பஸ் ஒன்று இருந்தது. அதற்குமேல் சொல்ல மாட்டேன்.

ஜெமியிடம் படிக்கக் கொடுத்தேன். மூன்றாவது முடிவு இருந்த பக்கத்துக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது.

"இது உங்களுக்கு யார் சொன்னா அங்கிள்?"

"யாரும் சொல்லல. நானா யோசிச்சேன்."

"அம்மா சொன்னாங்களா?"

"இல்லமா. சத்தியமா இது கதை."

அந்தப் பக்கத்தை மட்டும் உருவி, மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டாள். "இத போடாதீங்க. மலர்லயும் வேணாம், வேற எதுலயும் வேணாம். ப்ளீஸ் அங்கிள்," என்றாள். என்னிடம் வேறு பிரதி இல்லை. இருந்தாலும் தரமாட்டேன்.

மலருக்கு நான் எதுவும் கொடுக்கவில்லை. பாஸ்டரே எழுதிவிட்டார், நன்றாக அழவைத்திருக்கிறார். ஊர், பேர், வேலை எல்லாவற்றையும் மாற்றி இதை இங்கே எழுதுகிறேன். அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று நீங்கள் ஊகித்திருந்தால், தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள். அவளுக்காகச் சந்தோஷப்படவும் வேண்டாம். கைதட்டுவதற்கு இங்கே ஆள் ஏற்கெனவே அதிகம்.