விசா கேட்ட பெயர்

ஷாஸ்லியின் தம்பி ரிஃபாய்க்கு வியாழக்கிழமை இஸ்தான்புல்லில் கல்யாணம். பன்னிரண்டு வருடமாக ஊர்ப்பக்கமே வராதவன், ஒரு துருக்கிப் பெண்ணை விரும்பி, அவள் வீட்டாரையும் சம்மதிக்க வைத்துவிட்டான். கடைசியில் அண்ணனுக்குப் போன் போட்டு ஒரே போடாகப் போட்டான்: "அண்ணே, நீங்க வந்து பக்கத்துல நின்னாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன். இல்லன்னா கல்யாணம் தள்ளிப் போகட்டும்." அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அவனுக்கென்று மிச்சம் இருந்தது அண்ணன் ஒருவர்தான். விமான டிக்கெட்டுகூட எடுத்தாயிற்று. விசா மட்டும் பாக்கி. கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது.

விசாவுக்காக எங்கேயும் வரிசையில் நிற்க வேண்டாம், இணையத்திலேயே வாங்கிவிடலாம் என்பது எகிப்தில் எங்கள் கெனா நகரம் முழுக்கத் தெரியும். எந்தத் தளத்தில் என்பதுதான் யாருக்கும் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற வழக்கம் எங்கள் காபிக்கடையில் என்றைக்குமே இருந்ததில்லை. ஆகவே, கரும்புச்சாறுக் கடையை மத்தியானமே மூடிவிட்டு வந்த ஷாஸ்லிக்கு, டொமினோ ஆடிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து ஏழு முகவரிகள் கிடைத்தன.

ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவனான கினாவி ஷாஸ்லியின் போனைப் பிடுங்கிக்கொண்டான். ஒரே ஒரு தடவை துபாய்க்குப் போய்வந்தவன். அன்றிலிருந்து வெளிநாட்டு விவகாரம் எல்லாவற்றிலும் அவன் தீர்ப்புதான் கடைசி.

முதலில் திறந்த தளம் அழுது வடிந்தது. பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி என்று எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று கினாவியின் விரல் நின்றுவிட்டது.

"என்னய்யா, ஏன் நின்னுட்ட?"

"அம்மா பேரு கேக்குறான்."

டொமினோச் சத்தம் அடங்கியது. எங்கள் பக்கத்தில் ஒரு ஆம்பளையிடம் வயதைக் கேட்கலாம், வருமானத்தைக் கேட்கலாம், பெண்டாட்டியோடு போட்ட சண்டையைக்கூடக் கேட்கலாம். அம்மாவின் பெயரை மட்டும் கேட்கக் கூடாது. அது வெளியே தெரிந்தால் கேலி பேசியே ஆளைத் தெருவில் நடக்க விடமாட்டார்கள். ஷாஸ்லியின் அம்மா கடைசிவரை ஊருக்கு உம்மு ஷாஸ்லிதான், ஷாஸ்லியின் தாய். அவ்வளவுதான்.

"மூடுய்யா அத!" ஷாஸ்லிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒரு கவர்மெண்டு இப்படியா கேக்கும்? பக்காத் திருட்டுப் பய!"

"நானும் அதத்தான் நெனச்சேன். துபாய்க்குப் போனப்ப ஒருத்தனும் இத எங்கிட்ட கேக்கல" என்றான் கினாவி.

அதை விட்டுவிட்டுப் போனில் தேடியபோது முதலில் வந்த தளத்தில் கொடி பறந்தது. ஒரு பெண் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். 'நூறு சதவீதம் நம்பகமானது' என்று மூன்று இடத்தில் போட்டிருந்தது. அம்மாவைப் பற்றி மூச்சே விடவில்லை. "பாத்தியா, இவங்க மரியாதை தெரிஞ்சவங்க" என்று ஷாஸ்லி மனம் குளிர்ந்துபோனார். கடைசியாக வங்கி அட்டையின் எண்ணைக் கேட்டது. அட்டை வீட்டில், மனைவி ஃபவ்கியாவின் கைப்பையில் இருந்தது. அதனால் தப்பித்தார் மனுஷன்.

ஃபவ்கியா பெண்கள் பள்ளியில் எழுத்தர். இருபது வருடமாகப் பிறப்புச் சான்றிதழ்களோடு மல்லுக்கட்டுகிறவள். அட்டை கேட்டு வீட்டுக்கு வந்த ஷாஸ்லியின் போனை வாங்கி மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"இத யாரு கண்டுபிடிச்சது? கினாவியா?"

"மொத வரிசையிலயே வந்துச்சே!"

"காசு கொடுத்தா கழுதைகூட மொத வரிசையில வரும். விளம்பரம்னு சின்ன எழுத்துல போட்டிருக்கான் பாருங்க. இதுக்கு முன்னாடி வேற எதையாவது தொறந்தீங்களா?"

ஷாஸ்லி தயங்கித் தயங்கி நடந்ததைச் சொன்னார். ஃபவ்கியா கெய்ரோவில் இருக்கும் துருக்கித் தூதரகத்துக்கே போன் போட்டாள். அங்கிருந்தவர் முகவரியை எழுத்து எழுத்தாகச் சொல்ல, ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டாள். அதைப் போனில் தட்டினாள். திறந்தது, அதே அழுது வடிந்த தளம்.

"கவர்மெண்டுதாங்க அம்மா பேரக் கேக்கும். திருடனுக்கு அது எதுக்கு? அவனுக்கு அட்டை நம்பர் போதும்."

"நான் எழுத மாட்டேன்."

"அப்ப உங்க தம்பி கல்யாணம் பண்ண மாட்டான். நானே எழுதிடறேன், கொடுங்க."

"உனக்குத் தெரியுமா?"

"பதினோரு வருசம் ஒரே வீட்டுல அவங்களோட சோறு தின்னிருக்கேன், தெரியாம?" அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

ஷாஸ்லி ஜன்னலைச் சாத்தினார். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார். மனைவியையே திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு, உள்ளங்கையால் திரையை மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினார். தேநீர் கொதிப்பதற்குள் விசா மின்னஞ்சலில் வந்துவிட்டது. அப்போதும் அவர் முகம் தெளியவில்லை. இந்நேரம் துருக்கி முழுக்கத் தெரிந்திருக்குமே என்ற கவலை அவருக்கு.

வியாழக்கிழமை, இஸ்தான்புல் கல்யாண மண்டபத்து வாசலில் ரிஃபாய் ஓடிவந்து அண்ணனைக் கட்டிக்கொண்டான். அப்போதுதான் அவன் தோளுக்கு மேலாக வரவேற்புப் பலகை ஷாஸ்லியின் கண்ணில் பட்டது. ஒரு பக்கம் பெண்ணைப் பெற்றவர்களின் பெயர். இன்னொரு பக்கம் அப்பாவின் பெயர். அதற்கும் மேலே, முழம் நீளத்துக்குத் தங்க எழுத்தில், 'தவ்ஹீதா'.

ரிஃபாய்க்கு வியர்த்துவிட்டது. "கோவப்படாதீங்கண்ணே. இங்க இதுதான் வழக்கம். வேணும்னா எடுக்கச் சொல்லிடறேன்."

ஷாஸ்லிக்குக் கோபம் வரவில்லை. அம்மாவின் அந்தப் பெயரை அப்பா ஒருவர்தான், அதுவும் அறைக்குள், மெல்லக் கூப்பிட்டு அவர் கேட்டிருக்கிறார். அப்பா போனபிறகு யாரும் கூப்பிடவே இல்லை. அம்மா அத்தனை வருடமும் பெயரில்லாமலே இருந்துவிட்டுப் போய்விட்டாளே என்று அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

"எடுத்தா கைய ஒடிச்சிருவேன்" என்றார்.

மேடையில் பதிவு அதிகாரி பெரிய புத்தகத்தை விரித்தார். மாப்பிள்ளையை ஒட்டி நின்ற கல்லாபியா அங்கிக்காரரைப் பார்த்து, இவர் யார் என்று கேட்டார். பெண்ணின் தாய்மாமன் அதை அரபியில் சொல்லும்வரை காத்திருந்த ஷாஸ்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னார்:

"நான் தவ்ஹீதாவோட மூத்த மகன்!"

ரிஃபாய் அழுத அழுகையில் கையெழுத்து கோணலாகத்தான் விழுந்தது.