அந்த வீட்டு அளவு

"குழாயைத் திறந்துவிட்டா சத்தம் கேக்காதுன்னு நினைக்கிறா. நான் என்ன செவிடா..."

"அண்ணி, மெதுவாப் பேசுங்க, அவ காதுல..."

"விழட்டும். சாப்பிட்ட கை காயறதுக்குள்ள வாந்தி. மூணு வாரமாப் பாக்குறேன். இது எந்த வாந்தின்னு எனக்குத் தெரியாதா?"

"என் பொண்ணு அப்படிப்பட்டவ இல்ல."

"பெத்தவ வேற என்ன சொல்லுவா?"

குளியலறைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் இத்தனையும். ஒருத்தி தையல்காரி, பெண்ணின் தாய். மற்றவள் அவளுடைய நாத்தனார். தம்பி செத்த பிறகு துணைக்கென்று வந்து, வீட்டுக்கே காவலாகிப் போனவள். உள்ளே இருந்தவளுக்கு இருபத்துமூன்று வயது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஐந்து வாரத்தில் கல்யாணம்.

நாத்தனாரின் சந்தேகம் ஜாம் பாட்டிலில் ஆரம்பித்தது. இருந்த அளவுக்கு லேபிள் மேல் பென்சிலால் கோடு போட்டு வைத்தாள். மறுநாள் பாட்டிலே காலி. ரொட்டிப் பாக்கெட் ஒன்று முழுசாகக் காணாமல் போய், அதன் உறை மட்டும் செருப்புப் பெட்டிக்குள் அகப்பட்டது. இப்படியொரு பசி, அதன் மேல் வாந்தி. வேறென்னவாக இருக்க முடியும்? கடையில் ஆண்கள் எத்தனை பேர் என்று விசாரித்தாள். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினாள். பெண் வாளியில் தண்ணீர் நிரப்பிக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள்.

தாய்க்கும் சந்தேகம்தான். வாய் திறக்காமல் தன் தொழில் வழியில் சோதித்தாள். வாரா வாரம் மகளின் இடுப்பைச் சுற்றி டேப்பைப் பிடித்தாள். இடுப்பு குறைந்துகொண்டே வந்தது. அப்பாடா என்று ஒவ்வொரு தடவையும் மூச்சு விட்டாள்.

டேப் பிடிக்க இன்னொரு காரணமும் உண்டு. மாப்பிள்ளையின் தாய் கல்யாணத்தன்று போட்ட உடுப்பையே அந்த வீட்டு மருமகள்கள் எல்லோரும் போட வேண்டும். மூத்தவர்கள் இரண்டு பேரும் போட்டாகிவிட்டது. ஒரு நூலைக்கூடப் பிரிக்கக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தனுப்பியிருந்தார்கள். உள்மடிப்பில் தாராளமாகத் துணி விட்டிருந்ததைத் தையல்காரி முதல் பார்வையிலேயே பார்த்துவிட்டாள். தெருவில் யார் பெருத்தாலும் பிரித்து விட்டுத் தைத்துக் கொடுத்தவள், இதைத் தொடவில்லை. இடுப்பில் இறுக்கியதால் மகளைச் சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னாள்.

குளியலறை வாசலில் நடந்த அந்தப் பேச்சுக்கு மறுநாள் காலை இருவரும் அவளை நடுவில் விட்டு, லேடி டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். சோதனை முடிந்தது. கர்ப்பம் இல்லை என்றார் டாக்டர். நாத்தனார் முகத்தில் நிம்மதி வந்தது, கொஞ்சம் ஏமாற்றமும்.

டாக்டர் அதோடு விடவில்லை. வாயைத் திறக்கச் சொன்னார். முன்பற்களின் உள்பக்கம் தேய்ந்திருந்தது. வலது கையின் விரல் முட்டிகளில் பல் பட்ட தழும்பு. இவர்கள் முன்னால் பேசலாமா என்று பெண்ணிடமே கேட்டார். அவள் தலையசைத்தாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"நிச்சயமானதுலேருந்து. எட்டு மாசம்."

"நிறுத்த முடியலையா?"

"பகல் பூரா பட்டினி கிடப்பேன் டாக்டர். அப்புறம் கை தானா எடுத்து எடுத்துத் திங்குது. வயிறு வலிச்சாலும் நிக்காது. தின்னு முடிச்சதும் அந்த உடுப்பு கண்ணு முன்னால வந்து நிக்கும். விரலை விட்டுருவேன்."

இதற்குப் புலிமியா என்று பெயர், இது மனசையும் உடம்பையும் சேர்த்துப் பிடிக்கிற நோய் என்றார் டாக்டர். திருட்டும் இல்லை, பெருந்தீனியும் இல்லை. பார்க்க நன்றாக இருப்பார்கள் என்பதால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. விடாமல் வாந்தி எடுத்தால் ரத்தத்தில் உப்புச்சத்து இறங்கும், இதயமே நின்றுபோகலாம். குணமாக்க முடியும், ஆனால் இன்றைக்கே சிகிச்சையைத் தொடங்க வேண்டும், பட்டினியையும் அளவெடுப்பதையும் நிறுத்த வேண்டும் என்று சொல்லி, ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

சீட்டை வாங்கிக்கொண்டு மூவரும் வராந்தாவுக்கு வந்தார்கள். நாத்தனார் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "வயித்துல ஒண்ணும் இல்லைன்னு ஆயிடுச்சு, அது போதும். இந்தப் பேச்சை மாப்பிள்ளை வீட்டுல மூச்சு விடக் கூடாது. கல்யாணம் நடக்கட்டும், வைத்தியத்தை அப்புறம் பாத்துக்கலாம்."

தையல்காரி மகளின் இடுப்பைப் பார்த்தாள். "உடுப்பும் இப்பத்தான் சரியா உக்காந்திருக்கு" என்றாள், தனக்குத்தானே சொல்வதுபோல.

பெண் சீட்டைத் தாயின் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். அழவில்லை.

"நான் மாசமா இருந்திருந்தா கல்யாணத்தை நிறுத்தியிருப்பீங்க. உயிருக்கே ஆபத்துன்னா நடத்தலாமாம்மா?"