சாக்குக்குள் காற்று

அழகர்சாமிக்குக் கண் பார்த்ததுதான் கணக்கு. சாக்கு கழுத்து வரை நிறைந்திருந்தால் அது ஒரு சாக்குக் கொழுந்து. ஒரு சாக்குக் கொழுந்துக்கு ஒரு எடை, அவ்வளவுதான். சிலோனிலிருந்து கப்பலேறி வந்து, ஓவேலி மலைப் பக்கம் சரிவில் ஒரு துண்டு நிலத்தைப் பிடித்துத் தேயிலை நட்ட நாளிலிருந்து அவர் மனதில் இருந்த சட்டம் அது.

கொழுந்து விலை விழுந்த இரண்டாம் வருஷம் அந்தச் சட்டம் கெட்டது. அதே சாக்கு, அதே கழுத்து. ஆனால் கீழே கொழுந்து வாங்கும் ரோட்டோரக் கொட்டகையில் தொங்கவிட்டால் தராசு முள் பழைய இடத்துக்கு ஏறவில்லை. போகப்போகக் குறைந்துகொண்டே வந்தது.

எடை எங்கே போகும்? யாரோ எடுத்தால்தான் போகும். கொட்டகையில் எடை போடும் பவுல்ராஜ் திருடன் என்பது அவருக்கு எப்போதோ தெரியும். ஆனால் அவன் நிதானமான திருடன், எல்லோரிடமும் ஒரே அளவாக எடுப்பான், திடீரென்று கூட்டமாட்டான். மிச்சம் இருந்தது மருமகள் சுகந்தி. மகன் பாலன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனபின் பறிப்பதும், சாக்குக் கட்டுவதும், ஜீப்பில் ஏற்றிக் கொட்டகைக்குக் கொண்டுபோவதும் அவள்தான். அந்த ஜீப் நடுவழியில் வளைவில் நிற்கும். அங்கேதான் அவள் அண்ணன் கணேசன் தன் சாக்கை ஏற்றுவான். இரண்டு சாக்கும் பக்கத்தில் பக்கத்தில். நாலு கை கொழுந்தை இதிலிருந்து எடுத்து அதில் போட எவ்வளவு நேரம் ஆகும்?

ஒரு நாள் காலை, பானையில் உலை கொதிக்கும்போது கேட்டே விட்டார்.

"உங்கண்ணன் சாக்கு கொழுத்துக்கிட்டே வருது. நம்ம சாக்கு எளைச்சுக்கிட்டே வருது. என்ன சங்கதி?"

சுகந்தி அரிசி களைந்த கையை உதறினாள். "நீங்க பறிப்பைத் தள்ளிப் போட்டுக்கிட்டே போறீங்க மாமா. விலை இல்ல, எலை பெருசாகட்டும், எடை கூடட்டும்னு. முத்துன எலை வெறச்சுக்கிட்டு நிக்கும். எவ்வளவு மிதிச்சாலும் அடங்காது. சாக்குல பாதி காத்து."

"காத்தையா நான் கட்டி அனுப்புறேன்?"

"ஆமா."

"பெரிய எலை கனக்குமா, சின்ன எலை கனக்குமா?"

"ஒத்தை எலைன்னா பெருசு கனக்கும். சாக்கை ரொப்புறதுன்னா சின்னதுதான் கனக்கும்."

இப்படி ஏறுக்குமாறாகப் பேசுகிறவர்களை அவர் நம்புவதில்லை. குற்றமில்லாதவள் அழுவாள், இவள் வாதம் பண்ணுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். அவள் அதோடு விடவில்லை.

"இங்கயே நிறுத்துட்டு அங்கயும் நிறுத்துப் பாருங்க. குறைஞ்சுதுன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்கே போயிடறேன். உங்க மகன்கிட்டயும் நீங்களே சொல்லிக்கங்க. குறையலேன்னா, பறிப்பு இனி நான் சொல்ற நாள்ல. நீங்க தோட்டத்துப் பக்கம் வாயைத் திறக்கக் கூடாது."

"சரி" என்றார் அழகர்சாமி. வீட்டில் தராசு இல்லை. இருந்திருந்தாலும் அதை நம்பியிருக்க மாட்டார்.

மறுநாள் சாரலிலேயே பறித்தார்கள். சாக்கு நிறைந்ததும் அவர் சில்வர் ஓக் கிளையில் கயிறு போட்டு, ஒரு காப்பிக் கம்பை நடுவில் கட்டித் தொங்கவிட்டார். ஒரு முனையில் கொழுந்துச் சாக்கு. மறுமுனையில் உரம் வந்த பிளாஸ்டிக் பை. அதில் ஓடைக் கல்லாகப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே வந்தார். கம்பு மெல்ல நிமிர்ந்து மட்டமாக நின்றது. அவர் கம்பையும் நம்பவில்லை. சாக்கையும் பையையும் முனை மாற்றித் தொங்கவிட்டுப் பார்த்தார். ஒரு கூழாங்கல்லை எடுத்தார், இன்னொன்றைப் போட்டார். மறுபடி மாற்றினார். எந்தப் பக்கம் மாற்றினாலும் மட்டம் என்று ஆனபிறகுதான் இறக்கினார்.

இறக்கியபின் இன்னொரு சந்தேகம் வந்தது. கொழுந்துச் சாக்கு இரண்டு ஆள் கட்டிப்பிடிக்கிற பருமன். கல் பையோ, ஒரு கோழி அடைகாக்கிற இடத்தில் அடங்கிவிடும் போலிருந்தது.

"இத்தனூண்டு கல்லா இதுக்குச் சரி?"

"கல்லுக்குள்ள காத்து இல்ல மாமா" என்றாள் சுகந்தி.

அவர் சாக்கு வாயைத் தன் கையாலேயே கட்டினார். சிலோனில் தேயிலை ஸ்டோரில் மூட்டை கட்டியபோது பழகிய முடிச்சு அது. கயிறு தன்னையே மூன்று தரம் விழுங்கிக்கொண்டு வால் உள்ளே போய்விடும். அதை அவிழ்க்க இந்தப் பக்கத்தில் வேறு ஆள் கிடையாது. ஒருவர் அவிழ்த்துத் திரும்பக் கட்டினால் கட்டு காட்டிக்கொடுத்துவிடும்.

கல் பையோடு அவர் முதல் ஜீப்பில் இறங்கினார். சாக்கோடு சுகந்தி அடுத்த ஜீப்பில் வர வேண்டும்.

கொட்டகையில் பவுல்ராஜ் பையைப் பிரித்துப் பார்த்தான். "ஏனுங்க பெரியவரே, தேயிலையைப் பிடுங்கிட்டுக் கல்லு நட்டுட்டீங்களா? நடுங்க, இப்ப இருக்கற விலைக்குக் கல்லுதான் தேவலைங்க."

"எஞ் சாக்கு எடைக்குக் கல்லு. தொங்க விடு."

பவுல்ராஜ் தொங்கவிட்டான். கடிகாரம் மாதிரி வட்டமாக இருந்த தராசில் முள் ஆடி நின்றது. அழகர்சாமி வெற்றிலைச் சுண்ணாம்பை விரலில் எடுத்து, முள் நின்ற இடத்துக்கு நேரே கண்ணாடி மேல் ஒரு கோடு இழுத்தார். பிறகு பையை இறக்கச் சொல்லி அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். எழுந்தால் எவனாவது ஒரு கல்லை உருவிவிடுவான்.

சாரல் நின்று வெயில் சுள்ளென்று அடித்தது. இரண்டாவது ஜீப் நேரம் கழித்துத்தான் வந்தது. வளைவில் கணேசன் சாக்கை ஏற்ற நின்றதாம், பிறகு டயர் வேலையாம். ஒவ்வொரு காரணத்துக்கும் அழகர்சாமி தெரிந்ததுதான் என்பதுபோல் தலையை ஆட்டினார்.

சாக்கு தராசில் ஏறியது. கொட்டகையில் இருந்த எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். முள் ஏறி, ஆடி, சுண்ணாம்புக் கோட்டைத் தொடாமல் அதற்குக் கீழேயே நின்றுவிட்டது. வித்தியாசம் கொஞ்சம்தான். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற கொஞ்சம்.

"எத்தனை கை போட்ட உங்கண்ணன் சாக்குல?" என்றார் அழகர்சாமி. மெதுவாகச் சொல்ல அவருக்குத் தெரியாது. "வளைவுல நின்னது டயருக்கா, திருட்டுக்கா?"

சுகந்தி அவரைப் பார்க்கவில்லை. முள்ளையே பார்த்தாள். அவளுக்கும் விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அதை அவர் மாட்டிக்கொண்ட முகம் என்று எடுத்துக்கொண்டார்.

"பேசுன பேச்சு பேச்சுதான் மாமா. என் துணிமணியை எங்க அண்ணனை அனுப்பி எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, ரோட்டைக் கடந்து பஸ் நிற்கும் இடத்துக்குப் போய் நின்றாள்.

பவுல்ராஜ் சாக்கை இறக்கி வாயைப் பிரிக்கப் பார்த்தான். நகத்தால் கெல்லினான், பல்லால் கடித்தான். "யாருங்க கட்டுனது இது? வாலையே காணோம். கத்தியை எடுங்கப்பா, அறுத்துடலாம்."

அழகர்சாமி அப்போதுதான் முடிச்சைப் பார்த்தார். இதுவரை முள்ளையும் மருமகளையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவர். கயிறு தன்னை மூன்று தரம் விழுங்கியபடியே இருந்தது. வால் உள்ளேதான் இருந்தது. யாரும் தொடவில்லை.

இது அங்கே வேறு ஒருவருக்கும் தெரியாது. கத்தி வந்துகொண்டிருந்தது. ஒரு இழுப்பு இழுத்தால் முடிச்சும் இல்லை, சாட்சியும் இல்லை.

"அறுக்காத" என்றார்.

எழுந்து ரோட்டைக் கடந்தார். கல் பையை விட்டுவிட்டுப் போகிறோம் என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

"கட்டு என் கட்டுதான்" என்றார் அவளிடம். "அவுக்கல."

"இங்க வந்து காதுல சொல்லாதீங்க. திருட்டுன்னு சொன்னது அங்க இருக்கறவங்களுக்குந்தான் கேட்டுச்சு."

பஸ் வரவில்லை. அழகர்சாமி வேட்டியை மடித்துக் கட்டினார். பிறகு திரும்பி வந்து கொட்டகை நடுவில் நின்று, சண்டைக்கு இழுக்கிற குரலில் சொன்னார்: "எல்லாரும் கேட்டுக்கங்க. எம் மருமவ எடுக்கல. நாந்தான் தப்பாச் சொன்னேன்."

"அப்ப எடை எங்கைங்க போச்சு?" என்றான் ஒருவன்.

பவுல்ராஜ் ஜீப்பைக் காட்டினான். சாக்கு இருந்த தகரத்தில் தண்ணீர் தேங்கி, பின்பக்கமாக இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. "சாரல்ல பறிச்ச எலையை ஈரத்தோட நிறுத்தீங்க. வர்ற வழியில வடிஞ்சு வெயில்ல காஞ்சுது. கல்லு காயுமுங்களா? நான் தண்ணிக்குக் கழிச்சா அடிக்க வருவீங்க. இன்னைக்கு ஜீப்பே கழிச்சிருச்சு."

அழகர்சாமி சாக்கின் அடியைப் பிடித்துப் பிழிந்தார். உள்ளங்கை நனைந்தது. நக்கிப் பார்த்தார். தண்ணீர்தான்.

பிறகு தன் முடிச்சைத் தானே அவிழ்த்தார். வாய் திறந்ததும் இலை பொதபொதவென்று எம்பி வெளியே வந்தது. கையை உள்ளே விட்டார். முன்பெல்லாம் மணிக்கட்டுக்கு மேல் போகாது, இளங்கொழுந்து ஒன்றையொன்று கவ்விக்கொண்டு மண் மாதிரி இறுகியிருக்கும். இப்போது முழங்கை போயிற்று, தோள் வரை போயிற்று. விரலில் குச்சி குச்சியாகத் தட்டியது. குச்சிகளுக்கு நடுவே ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததைத்தான் இத்தனை நாளும் கழுத்து வரை நிரப்பி அனுப்பியிருக்கிறார்.

சுகந்தி வந்து பக்கத்தில் நின்றாள். "என்ன இருக்கு உள்ள?"

அவர் கையை உருவிக்கொண்டார். "அடுத்த பறிப்பு என்னைக்கு?"

"வர்ற வாரம் இதே நாள். எலை குறைச்சலாத்தான் இருக்கும். சாக்கு நெறையாது. நெறையலேன்னு மூஞ்சியைத் தூக்கக் கூடாது."

"சரி."

பவுல்ராஜ் துணியை எடுத்துத் தராசுக் கண்ணாடியைத் துடைக்கப் போனான். அழகர்சாமி அவன் கையைப் பிடித்தார்.

"அந்தக் கோடு இருக்கட்டும். கல்லையும் இங்கயே போட்டுட்டுப் போறேன். இந்த வாரத்துக்கும் வர்ற வாரத்துக்கும் கல்லு மாறாது. வர்ற வாரம் முள்ளு மாறுனா உன்னைத்தான் கேப்பேன்."

"கல்லை நான் மாத்திட்டேன்னா?" என்று சிரித்தான் பவுல்ராஜ்.

அழகர்சாமி குனிந்து கல்லை ஒரு தரம் எண்ணினார். பிறகு கல் பையின் வாயை இழுத்து, கயிற்றை மூன்று தரம் விழுங்கவைத்துக் கட்டினார். கட்டி முடித்தும் மனசு கேட்கவில்லை. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். கொழுந்தைக் கொட்டிய சாக்கைச் சுகந்தி மடித்து வைத்துக்கொண்டு, "சாயங்காலம் இடுப்பு வலின்னு எண்ணெய் கேக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே முன்னால் ஜீப்புக்கு நடந்தாள்.