வாலில் போட்ட தையல்

என் வீட்டுக்காரர் மீரா சாகிப் தைத்தது லேசில் பிரியாது. ஓமானில், சலாலா கடைத்தெருவில் எங்கள் தையற்கடைக்கு அடையாளமே அதுதான். துணி நைந்து கந்தலாகிப் போனாலும் தையல் அப்படியே நிற்கும். அந்தப் பெருமையில் அவருக்குத் தலைகால் புரியாது. எனக்கும் கொஞ்சம் இருந்தது, மறைப்பானேன். அந்தப் பெருமைதான் ஒரு பெண்ணை உயிரோடு எரிக்கப் பார்த்தது.

அவள் பெயர் மிலாக்ரோஸ். பெரு நாட்டுக்காரி. கடற்கரை ஹோட்டல் ஒன்றில் வெள்ளைக்காரர்களுக்கு நடனம் சொல்லிக்கொடுப்பவள். அவளுடைய முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள். கரீஃப் என்கிற பருவமழை தூறத் தொடங்கி, ஊரெல்லாம் வெளியூர்க்கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில் கடைக்கு வந்தாள். ஊரில் நடக்கும் மழைக்கால விழாவில் ஆட அவள் நாட்டுக் குழு வருகிறதாம், தானும் சேர்ந்து ஆடுகிறாளாம். பாவாடையின் இடுப்புப் பட்டி கிழிந்திருந்தது. அதை மட்டும் சரி செய்யச் சொல்லிவிட்டு, எங்கள் இருவருக்கும் நுழைவுச் சீட்டும் கொடுத்துவிட்டுப் போனாள்.

பாவாடையின் பின்பக்கம் முழ நீளத்தில் ஒரு துணிவால் தொங்கியது. மெல்லிய பருத்தி, இழுத்தால் பிரிகிற மாதிரி பேருக்கு இரண்டு கச்சாத் தையலில் ஆடிக்கொண்டிருந்தது. இவர் அதைப் பார்த்துவிட்டு, எந்த அரைகுறை டெய்லர் இப்படித் தொங்கவிட்டானோ என்று தலையில் அடித்துக்கொண்டார். யாரும் கேட்கவில்லை. கூலியும் வாங்கவில்லை. வாலின் மேல் பளபளவென்று பாலியஸ்டர் சாட்டின் வைத்து, இடுப்போடு சேர்த்து டபுள் தையல் போட்டு, ஓரம் பிரியாமல் ஓவர்லாக்கும் அடித்துவிட்டார். நானும் பார்த்து, இப்போதுதான் அழகாக இருக்கிறது என்றேன். மிலாக்ரோஸ் விழா தொடங்கும் நேரத்துக்குத்தான் ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டாள்.

விழா மேடைக்கு எதிரே முன்பக்கத்திலேயே எங்களுக்கு இடம் கிடைத்தது. ஒருவர் வெறும் மரப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து, அதன் முகப்பைக் கைகளால் அறைந்தார். இன்னொருவர் கையில் கழுதையின் தாடை எலும்பு. அதைக் குத்தினால் பற்கள் கடகடவென்று நடுங்கின. எனக்கு முதுகு சில்லிட்டது. முன்வரிசை ஓமானியர்களோ தெரிந்த தாளத்தைக் கேட்டவர்கள் மாதிரி தோளைக் குலுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அறிவிப்பாளர் அரபியில் சொன்னதை இவர் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். இந்தப் பாட்டுக்கு ஃபெஸ்டெஹோ என்று பெயராம், கொண்டாட்டம் என்று அர்த்தமாம். அடிமைகள் முரசு அடிக்கக் கூடாது என்று எஜமானர்கள் தடுத்தபோது, சரக்கு வந்த பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு அடித்தார்களாம். வெளியே நின்று கேட்டவனுக்கு அது கொண்டாட்டம். அடித்தவன் நெஞ்சில் என்ன இருந்ததோ, யார் கண்டார்கள்.

கடைசி ஆட்டத்துக்கு மிலாக்ரோஸ் வந்தாள். வால் மின்னியது. இவர் என் கையை இடித்து, பார்த்தாயா என்பது போல் சிரித்தார். பின்னாலேயே ஓர் இளைஞன் எரியும் மெழுகுவர்த்தியோடு வந்தான். அறிவிப்பாளர் ஏதோ சொன்னார். கூட்டம் ஆரவாரம் செய்தது. இவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே செத்துப்போனது. என்னவென்று கேட்டேன். பிடித்து உலுக்கியதும் சொன்னார்.

அவன் அந்த வாலில் தீ வைக்க வேண்டும். அவள் இடுப்பை ஆட்டி ஆட்டித் தப்ப வேண்டும். முடிவில் அவளே விட்டுக்கொடுப்பாள். வால் பற்றியதும் வெடுக்கென்று பிடுங்கித் தண்ணீர் வாளியில் போடுவாள். அதுதான் ஆட்டம்.

"ஷம்சாத், அது வராது. இழுத்தா வராது புள்ள."

துணி எந்த ரகம் என்று பார்க்க நூலை உருவிக் கொளுத்திப் பார்ப்பது எங்கள் கடையில் வழக்கம். பருத்தி சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சொட்டும், விரலில் பட்டால் தோலோடுதான் வரும். அந்தச் சாட்டினை அளந்து வெட்டிக் கொடுத்தவள் நான்.

இவர் எழுந்து நின்று கத்தினார். நிறுத்துங்கள், நிறுத்துங்கள் என்று தமிழிலும் அரபியிலும் மாறி மாறிக் கத்தினார். பெட்டியை அறைகிற சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் வாப்பா வயதுள்ள மனிதர் ஒருவர், ரசிகர் என்று நினைத்து இவருக்குக் கைதட்டினார். அதைப் பார்த்து அந்த வரிசையே எழுந்து கத்த ஆரம்பித்தது. யா அல்லாஹ், அவர்களை அறையலாம் போல இருந்தது எனக்கு.

மேடையில் மெழுகுவர்த்தி வாலை உரசுவதும் விலகுவதுமாக இருந்தது. மிலாக்ரோஸ் ஒரு சுழலில் கையைப் பின்னால் கொண்டுபோய் வாலை இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. அடுத்த சுழலில் மறுபடியும் இழுத்தாள். முகத்தில் சிரிப்பு மாறவில்லை, கண் மட்டும் மாறிவிட்டது. அவள் அந்த இளைஞனைப் பார்த்து ஏதோ கத்தினாள். அவனும் உற்சாகமாகத் திருப்பிக் கத்தினான். இந்தப் பாட்டில் ஆடுகிறவர்களும் அடிக்கிறவர்களும் கத்திக்கொண்டேதான் இருப்பார்களாம். அவள் கத்தக் கத்தத் தாளம் ஏறியது. அவள் இடுப்பு ஆடிய ஆட்டத்தைப் பார்த்துச் சனம் சொக்கிப்போயிருந்தது. பயத்தில் துடிக்கிற உடம்பு அது. தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான்.

இவர் படிக்கட்டுக்கு ஓடினார். காவலாளி மறித்தான். நான் போய் அவன் சட்டையைப் பிடித்தேன். அந்நிய ஆணைத் தொட்டது அதுதான் முதல் தடவை, அப்போது அது தோன்றவே இல்லை. அந்த இடைவெளியில் இவர் மேடையேறிவிட்டார். நூல் வெட்டும் சின்னக் கத்தரி எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும்.

கூட்டத்துக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை. பார்க்க வந்தவர் ஆட வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார்கள். மிலாக்ரோஸ் இவரைப் பார்த்தாள், கையில் இருந்த கத்தரியைப் பார்த்தாள், சட்டென்று முதுகைக் காட்டி நின்றாள். சரணடைகிறாள் என்று அந்த இளைஞன் நினைத்திருக்க வேண்டும். மெழுகுவர்த்தியை நீட்டிவிட்டான்.

வால் நுனியில் பற்றியது. சாட்டின் குப்பென்று கரும்புகையோடு எரிந்து மேலே ஏறியது. பெண்களுக்கு அளவெடுக்கக்கூட என்னைத்தான் கூப்பிடுவார் அந்த மனிதர். மண்டி போட்டு, எரிகிற துணியை இடது கையால் பிடித்துக்கொண்டு, இடுப்புப் பட்டியில் கத்தரியை விட்டு வெட்டினார். அவர் போட்ட தையல் அவருக்கே வழிவிடவில்லை. வெட்டினார், மறுபடி வெட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தக் கழுதைப் பற்கள் மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தன.

கண்ணைத் திறந்தபோது வால் வாளிக்குள் கிடந்தது. அவர் கையும் அதே தண்ணீருக்குள் இருந்தது. மிலாக்ரோஸ் தரையில் உட்கார்ந்து அவர் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். ஜனம் எழுந்து நின்று கைதட்டியது. இறங்கி வரும்போது ஒருவர், நாளைக்கும் இவர் ஆடுவாரா என்று என்னிடம் கேட்டார். அவரை விலக்கிவிட்டு நடந்தேன், நின்றிருந்தால் வாயில் நல்ல வார்த்தை வந்திருக்காது.

இவருடைய இரண்டு விரல் நுனிகளில் தோல் போய்விட்டது. கட்டுப் பிரிப்பதற்கு முன்னாலேயே மிலாக்ரோஸ் பாவாடையோடு கடைக்கு வந்தாள். இடுப்பில் லேசான தீப்புண்தான், ஆறிவிடும் என்று காட்டினாள். அத்தனை பேர் எதிரே உயிருக்குக் கத்தினேன், எல்லோரும் கைதட்டினார்கள் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். தன் பாட்டிகளும் பாட்டன்களும் இப்படித்தான் கத்தியிருப்பார்களோ என்றும் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு, மறுபடி ஆடப் போகிறேன், வால் வேண்டும் என்றாள்.

இவர் மெல்லிய பருத்தியில் வால் வெட்டி, கட்டுப் போட்ட விரலோடு தட்டுத் தடுமாறி இரண்டு கச்சாத் தையல் போட்டார். இழுத்தார், வந்துவிட்டது. மறுபடி தைத்தார், மறுபடி இழுத்தார். வந்தது. மிலாக்ரோஸ் போதும் என்று கையைக் காட்டினாள். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"போதும் மச்சான். அதான் வருதுல்ல."

"இரு புள்ள," என்று சொல்லி மறுபடியும் ஊசியில் நூலைக் கோத்தார். "இன்னொரு தடவ இழுத்துப் பாத்துர்றேன்."