ஊர் லைசென்ஸ்

டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் ஏற்றிப் போகிற வேன் அது. சிக்னலில் போலீஸ்காரர் கையைக் காட்டியபோது, அதை ஓட்டிவந்த அச்சுதன் பதறவே இல்லை. குடித்துவிட்டு ஓட்டி மாட்டியதில், ஆறு மாதம் வண்டியே ஓட்டக் கூடாதென்று கோர்ட் தடை போட்டு, அவனுடைய டெல்லி லைசென்ஸை ஏற்கெனவே வாங்கி வைத்துக்கொண்டிருந்தது. அதனால் என்ன? விழுப்புரத்தில் எடுத்த பழைய லைசென்ஸ் பர்ஸில் பத்திரமாக இருந்ததே! அதை ராஜா மாதிரி நீட்டினான். போலீஸ்காரர் கையிலிருந்த மெஷினில் தட்டிப் பார்த்தார். அதே பெயர், அதே பிறந்த தேதி, அதே மீசை. கோர்ட் போட்ட தடையும் அதில் வந்து நின்றது. குட்டு வெளிப்பட்டுவிட்டது.

ஊர் லைசென்ஸை வைத்து ஓட்டலாம் என்று யோசனை சொன்ன புண்ணியவான் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்திருந்தான். அவன் தீனா, அச்சுதனின் மனைவி தங்கத்தின் தம்பி. அவனிடமும் லைசென்ஸ் உண்டு. ஆனால் தன் ஸ்டியரிங்கில் இன்னொருவன் கை படுவதை அச்சுதன் பொறுத்தால்தானே!

கேஸ் கோர்ட்டுக்கு வந்தது. வக்கீல் ஸ்ம்ருதி ஜனக்புரியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். பேச்சில் பாதி இந்தி. கோர்ட் வராந்தாவில் அச்சுதனிடம் விளக்கினாள்.

"அச்சா, அண்ணா, கேளுங்க. கோர்ட் தடுத்தது உங்களை. பத்து கார்டு வெச்சிருந்தாலும் ஓட்டற ஆள் ஒருத்தர்தானே?"

"ஜெயிலு உண்டாம்மா?" என்று கேட்டான் அச்சுதன். அந்தப் பயத்தில்தான் காலையில் தங்கம் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கவில்லை.

"இருக்கலாம். தப்பை ஒத்துக்கிட்டு அந்தக் கார்டையும் குடுத்துடுங்க. ஜெயில் வேணாம்னு நான் கேக்கறேன்."

தீனா இடையில் புகுந்தான். "எதுக்கு மேடம்? வண்டிய நான்தான் ஓட்டினேன், போலீஸப் பாத்ததும் சீட்டு மாத்திக்கிட்டோம்னு சொல்லிடறேன். மாமா தப்பிச்சிடுவாரு!"

"அரே! பொய் சாட்சி சொன்னா உங்க மேலயும் கேஸ் வரும். உண்மையை எடுத்துச் சொல்லத்தான் நான் வந்திருக்கேன். பொய்க்கு வேற வக்கீல் பாருங்க."

அதற்குள் உள்ளே அச்சுதனின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். பின்னாலிருந்து தீனா முண்டியடித்து முன்னே வந்தான். "சாப், வண்டி..." என்று வாயைத் திறந்தேவிட்டான். ஒரு வார்த்தை போதும், அச்சுதன் தப்பலாம். மாட்டுவது இந்த அசட்டுப் பிள்ளை!

"நஹீன் சாப்! கல்தி மேரி ஹை!" கோர்ட் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி அச்சுதன் கத்தினான். "தப்பு என்னுதுங்க. நான்தான் ஓட்டினேன்!"

ஸ்ம்ருதி அந்த நிமிஷத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தடையை மீறியது முதல் தடவை, யாருக்கும் காயமில்லை, தானே முன்வந்து ஒப்புக்கொண்டுவிட்டார், இன்னொரு லைசென்ஸையும் ஒப்படைக்கிறார் என்று மூச்சுவிடாமல் வாதாடினாள். நீதிபதி பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். கடைசியில் தீர்ப்பு வந்தது. அபராதம் உண்டு, தடை இன்னும் நீளும், ஜெயில் இல்லை!

வெளியே வந்ததும் அச்சுதன் தீனாவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். "ஜெயிலு இல்லடா மச்சான்! அக்காவுக்குப் போன் போடு!"

அதற்குள் அச்சுதனின் போனே அடித்தது. கடை முதலாளி பரமசிவம்.

"கேஸ் முடிஞ்சுதுல்ல? ஜல்தி வாப்பா, லோடு வெயில்ல வாடுது. ஒரே ஒரு நடை ஓட்டிடு. எவன் பாக்கப்போறான்?"

அச்சுதன் சட்டைப்பையிலிருந்த வேன் சாவியை எடுத்தான். தீனாவின் கையில் அழுத்தி வைத்தான்.

"தீனா ஓட்டுவான் முதலாளி, நான் மூட்டை தூக்கறேன். குடிச்சிட்டு ஓட்டின என்னை மாதிரி ஆளுங்களுக்கு நடுவுல எத்தன பேரு புள்ளகுட்டியோட ரோட்டுல போறாங்க! அவங்க உசுருக்காகத்தான் கோர்ட்டு என்னைக் கொஞ்ச நாளு சும்மா இருன்னு சொல்லுது. எவன் பாத்தாலும் பாக்காட்டியும், தடை முடியிற வரைக்கும் ஸ்டியரிங்கத் தொடமாட்டேன்."