கத்தரிக்காய் மேல் விழுந்த பழி

கிருஷ்ணகிரி மாம்பழக் கூழ் கம்பெனியில் பழம் நறுக்கும் குல்ஷனுக்கு 2006 சீசனில் அடிக்கடி உதடு வீங்கியது. முதல் தடவை மாம்பழத்தை விட்டாள். தின்பதைத்தான் விட முடிந்தது, நறுக்குவதை விட முடியுமா? அடுத்து முட்டை, பிறகு கருவாடு; போன மாதம் புருஷன் உஸ்மான் பேச்சைக் கேட்டுக் கத்தரிக்காயும் போயிற்று. அப்படியும் இன்று காலை உதடு தடித்து, ஒரு கண் திறக்கவே இல்லை.

"நேத்து என்னம்மா சாப்டீங்க?" என்றார் டாக்டர்.

"ரசஞ்சோறு சார். வேற என்னாத்த திங்கறது?"

"மாத்திரை ஏதாவது?"

அதை யார் சாப்பாட்டில் சேர்ப்பார்கள்? எட்டு மணி நேரம் நின்று கால் கடுத்தால் லைனில் எல்லோரும் போடுகிற வலி மாத்திரைதான். நேற்று ராத்திரியும் ஒன்று போட்டிருந்தாள். முந்தானையில் முடிந்திருந்த அட்டையை எடுத்துக் காட்டினாள்.

"இதான் உங்களுக்கு ஆகல. இனிமே தொடாதீங்க, தொண்டை வீங்குனா மூச்சே நின்னுரும். கத்தரிக்கா, முட்டை எல்லாம் சாப்பிடலாம்."

"அப்ப கால் வலிக்கு சார்?"

"ரொம்ப நேரம் நிக்காதீங்கம்மா. நல்லா ரெஸ்ட் எடுங்க."

குல்ஷன் சிரிக்கப் பார்த்தாள். வீங்கிய உதடு இடம் கொடுக்கவில்லை.