ஈசாக்கின் விறகு எந்தத் தோளில்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் செல்லங்களே. காது மந்தமானவர்கள் முன்னால் வந்துவிடுங்கள். என் தொண்டையும் முன்போல் இல்லை. உங்களுக்காக வயிற்றெரிச்சலின் கதை ஒன்று வைத்திருக்கிறேன். கேட்கும்போது யாரும் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்கக் கூடாது, சரியா?

ஒரு கண்ணாடிக்காரர் இருந்தார். மாதாகோவில் சன்னல்களுக்கு வண்ணக் கண்ணாடியில் சித்திரம் செய்கிறவர். கண் மங்கிப் போனதும் வேலையை இரண்டு பெண்களிடம் விட்டுவிட்டு, பட்டறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். மூத்தவள் கோடு போட்டால் கை நடுங்காது. இளையவள் வண்ணத்தில் கெட்டிக்காரி. வெயில் பட்டதும் சனங்கள் எதைப் பார்ப்பார்கள்? "அந்த நீலத்தைப் பாருடி!" என்பார்கள். "அந்தக் கோட்டைப் பாரு" என்று ஒருவர் வாயிலும் வந்ததில்லை. சின்ன வயதிலிருந்தே மூத்தவளுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது.

ஒருநாள் பங்குச்சாமி வந்தார். பீடத்துக்கு மேலே அடுத்தடுத்து இரண்டு சன்னல் வேண்டும் என்றார்.

"இடது பக்கம் ஈசாக்கு. அவனைப் பலி குடுக்க அப்பன் மலைக்குக் கூட்டிட்டுப் போறான். விறகை அவன் தோள்லயே ஏத்திட்டான். வலது பக்கம் இயேசு, தன் சிலுவையைத் தானே சுமக்கறார். ரெண்டு பேரும் ஒரே திசையில நடக்கணும். ஒரே தோள், ஒரே கால். பாக்கறவனுக்குச் சட்டுனு விளங்கணும், பழைய ஏற்பாட்டுல வந்த விறகுதான் புதிய ஏற்பாட்டுல சிலுவையாச்சுன்னு."

"யாருக்கு எது சாமி?" என்றாள் மூத்தவள்.

"முதல்ல வர்றது உனக்கு. உன் கோட்டைப் பாத்துத் தங்கச்சி வரையட்டும்."

"விறகு நான் சுமக்கணும், கும்பிடு அவளுக்கு. அப்படித்தானே?"

சாமி சிரித்தார். அவள் விடவில்லை. "அந்த வேதம் முதல்ல யூதருங்களோடதுதானே? அவங்களுக்கு ஈசாக்கு யாரோட நிழல்?"

"யாரோட நிழலும் இல்லம்மா. அவங்களுக்கு அவங்க வேதம் முழுசு. நாமதான் அதை வாசிக்கும்போது, பின்னால வரப்போறவரோட சாயலை அதுல பாக்கறோம். முன்னடையாளம்னு சொல்றோம்."

"இந்த விஷயத்துல நான் அவங்க கட்சி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வேலை இப்படி நடக்கும், கேளுங்கள். மூத்தவள் பெரிய தாளில் ஈசாக்கை வரைய வேண்டும். இளையவள் அதன்மேல் மெல்லிய தாள் விரித்து, அதே முதுகு வளைவில் இயேசுவை எழுதிக்கொள்வாள். பிறகு அவளவள் மேசையில் அவளவள் கண்ணாடி. மூத்தவள் முன்னறையில், இளையவள் பின்னறையில் சூளைக்குப் பக்கத்தில். மேசையில் படுத்துக் கிடக்கும்வரை கண்ணாடிச் சித்திரம் வெறும் துண்டுகள்தான். நிமிர்த்தி, பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால்தான் முகம் முகமாகும்.

மூத்தவள் தாளை முடித்துச் சுருட்டி அலமாரி மேல் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, முடிஞ்சுதா?"

"இன்னும் இல்ல."

இளையவள் மறுபடி வந்தாள். "அக்கா, நீலம் எல்லாம் பிரிச்சு வச்சிட்டேன். உன் தாள் வந்தாத்தான் நான் கத்தியை எடுக்க முடியும்."

"ஈசாக்கு மலையேறணும்ல? மெதுவாத்தான் வருவான்."

அவளைக் கெஞ்சவைப்பதில் ஒரு ருசி இருந்தது. ஆனால் அந்த ருசி சீக்கிரம் தீர்ந்துபோனது. சனங்கள் முன்னால் ஒரு தடவையாவது இவள் தலைகுனிந்து நிற்க வேண்டும் என்று தோன்றியது. புதிதாக இன்னொரு தாள் எடுத்தாள். அதில் விறகை மறு தோளுக்கு மாற்றினாள். முன்னால் பார்க்க வேண்டிய முகத்தைப் பின்னால் திருப்பினாள். தன்னைத் தொடர்ந்து வருகிறவர் யார் என்று எட்டிப் பார்க்கிற முகம். ஒரே மூச்சில் வந்தது அந்தக் கோடு. அந்தப் பொய்த் தாளைத் தங்கை கையில் கொடுத்துவிட்டு, தன் கண்ணாடியை மட்டும் முதல் தாளின்படி வெட்டினாள். சோடி பொருந்தாது. கேட்டால் முதல் தாளைக் காட்டிவிடலாம், பழி இளையவள் தலையில் விழும்.

சன்னல் ஏற்றுகிற நாள் வந்தது. சாரம் கட்டி இரண்டையும் நிறுத்தினார்கள். துணியை விலக்கினார்கள். மூத்தவள் தரையைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

"என்னம்மா, ஒத்துப்போகுதா?" என்று மங்கிய கண்ணோடு அண்ணாந்து கேட்டார் அப்பா.

சாமி இளையவளைக் காட்டிச் சொன்னார். "ஈசாக்கு பின்னால வர்றான். முன்னால போற இயேசு திரும்பி அவனைப் பாக்கறார். நான் கேட்டது ரெண்டு பேர் ஒரே மாதிரி நடக்கறது. இவ ரெண்டு பேரையும் ஒருத்தரையொருத்தர் தெரிய வச்சிட்டா!"

மூத்தவள் நிமிர்ந்து பார்த்தாள். பொறாமையில் அவள் வரைந்த அதே திரும்பிய முகம்தான். இளையவளின் வண்ணம் ஏறியதும் அதில் அவ்வளவு பரிவு. 'வருகிறாயா? கால் நோகிறதா?' என்று கேட்கிற மாதிரி. குழி தோண்டினவள் அவள். அதில் தண்ணீர் ஊறித் தங்கையின் தோட்டம் தழைத்துவிட்டது. வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

போதாக்குறைக்கு இளையவள் எல்லார் முன்னாலும், "முகம் அக்கா போட்டது சாமி, நான் சாயம்தான் வச்சேன்" என்றாள். அந்தப் பாராட்டை மூத்தவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

பட்டறைக்குத் திரும்பியதும் கதவைச் சாத்தினாள். "ஏய், அது பொய்த் தாள். உன்னை அசிங்கப்படுத்தத்தான் குடுத்தேன்."

"தெரியும். அலமாரி மேல ஒட்டடை அடிக்கப் போனப்ப நிசத் தாளைப் பாத்தேன்."

"பாத்துட்டு ஏன்டி பொய்யைப் போட்டே? நல்லவளாக்கும்னு காட்டவா?"

"நல்லவளாவது! எனக்கு மட்டும் வயிறு இல்லையா?" இளையவள் முகம் சிவந்தது. "பொறந்ததுலருந்து உன் தாள் மேல தாள் வச்சே வரையறேன். என் வண்ணத்தைப் பாத்து வாயப் பொளக்கறாங்களே, அதுக்கு அடியில இருக்கறது உன் கோடுன்னு எனக்குத் தெரியாதா? அந்த மாதிரி ஒரு கோடு எனக்கு வரல. இதுலயாவது உன்னோடதுலருந்து வேற மாதிரி ஒண்ணு நிக்கட்டும்னுதான் போட்டேன்."

மூத்தவள் சூளை ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். தன் கோட்டைப் பார்த்த ஆள் இத்தனை வருடமாகப் பின்னறையில் இருந்திருக்கிறாள்.

"சாமி அடுத்த சோடி கேட்டிருக்கார்" என்றாள். "மீன் வயித்துலருந்து யோனா, கல்லறையிலருந்து இயேசு. யோனாவை நீ முதல்ல வரை. நான் பின்னால வரேன்."

"என் கோடு கோணலா இருக்கும்."

"மீன்தானே. வாயை மட்டும் பெருசா போடு, உன்னோடது மாதிரி."

"பின்னால வந்தா வயிறு எரியும்க்கா, சொல்லிட்டேன்."

"எரியட்டும். சூளைக்கு விறகு மிச்சம்."

எரிந்ததா, அணைந்ததா என்று கேட்காதீர்கள். பூசைக்கு வருகிற சனங்கள் முதலில் எந்தச் சன்னலைப் பார்க்கிறார்கள் என்று இரண்டு பேருமே ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டுதான் இருப்பார்கள். ஒரே பெஞ்சில், தோளோடு தோள் இடித்தபடி.

உங்கள் வீட்டுச் சன்னல்களில் வெயில் குறையாமல் விழட்டும், கண்ணுகளா. உங்களில் முன்னால் போகிறவர் திரும்பிப் பார்க்கட்டும். பின்னால் வருகிறவருக்குச் சுமை இலேசாகட்டும். மூத்ததும் இளையதும் ஒரே கூரையின்கீழ் வயிறார உண்டு, மனதார உறங்கட்டும்.